கூப்பிடு தூரம்

கவுன்சிலர் எபிநேரிக்குப் பலகைகள் மேல் தீராத ஆசை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பலகை. ஊர் முடிகிற இடத்தில் ஒரு பலகை. தண்ணீர் வராத குழாயின் தலைமேல் ஒன்று. கட்டி முடிக்காத கழிப்பறைக்கு முன்னால், அதைக் கட்டி முடித்துவிட்டதாக ஒன்று. எல்லாவற்றிலும் அவர் பெயர் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். விஷயம் கீழே, இடம் மிச்சமிருந்தால்.

போன வருஷம் அவர் கண் மலைமேல் விழுந்தது. சுற்றுலாக் கப்பல் ஒன்று ரபாவுல் துறைமுகத்துக்கு வருகிறது, வெள்ளைக்காரர்கள் தவுர்வுர் எரிமலையைப் படம் பிடிப்பார்கள், அந்தப் படத்தில் 'நல்வரவு' என்று ஒரு பலகை இல்லாவிட்டால் வேறு ஏதோ மலைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. பகலும் இரவும் புகை கக்குகிற மலையை எவனும் தவறவிட மாட்டான் என்று சொன்னவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்றார்.

ஆறு பேர் பலகை தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். ஐந்து பேர் இறங்கி வந்தார்கள்.

இன்றைக்கு அதற்கு வருஷம் திரும்புகிறது. செத்தவன் நினைவாக மலையுச்சியில் இன்னொரு பலகை.

"பலகை நடப் போய்ச் செத்தவனுக்குப் பலகை," என்றான் பெனியோனா, படகில் ஏறும்போது, தோலிமான் காதோரமாக. "இத நடும்போது ஒருத்தன் செத்தான்னா அதுக்கு ஒண்ணு. மலையே வேண்டாம் மச்சான், பலகைய அடுக்கிக்கிட்டே போனா அது பாட்டுக்கு ஒரு மலை ஆயிரும்."

தோலிமான் சிரிக்கவில்லை. படகு மோட்டார் பழுது பார்க்கிறவன் அவன், ஐம்பது வயது, விரல் இடுக்கில் கறுப்பு எண்ணெய் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. செத்தவன் அவன் தங்கை இயாதிருவாவின் புருஷன். பெனியோனா அவன் சித்தி மகளைக் கட்டியவன். ஆக, இரண்டு பேருமே அவனுக்கு மச்சான். இரண்டு பேரின் பெயரையும் அவன் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை, அவர்களும் அவன் பெயரைச் சொன்னதில்லை.

கட்டிக் கொடுத்த வீட்டு ஆளின் பெயரைச் சொல்வது இந்தக் கரையில், சந்தை நடுவே இடுப்புத் துணி அவிழ்ந்து நிற்கிற மாதிரி. சொன்னவன் அந்த வீட்டுக்கு அபராதமாகச் சிப்பிக் காசுச் சரம் வைத்துத்தான் தலை நிமிர முடியும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும் வாத்தியார்கூட, வகுப்பில் மைத்துனன் உட்கார்ந்திருந்தால், அவன் பக்கம் மோவாயை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள் "நோயாளி பேர் என்ன?" என்று கேட்டால், கூட வந்த மச்சான் வெளியே ஓடிப்போய்த் தெருவில் போகிற எவனையாவது கூட்டிக்கொண்டு வருவான், சொல்வதற்கு.

அப்பேர்ப்பட்ட ஊரில் தோலிமான் ஒரு விஷயத்துக்காகப் பிரசித்தமாகிவிட்டிருந்தான். அன்றைக்கு மலைமேல், கந்தக ஆவி சூழ்ந்தபோது, முறையை உடைத்து மச்சானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் அவன். ஒரு தடவை இல்லை, தொண்டை கிழிகிற மட்டும். இதைக் கவுன்சிலர் சாவு வீட்டில் சொன்னார், கோயிலில் சொன்னார், மீன் சந்தைத் திறப்பு விழாவில் சம்பந்தமே இல்லாமல் சொன்னார். பெரியவர்கள் கூடி, எவ்வளவு உயர்ந்த காரியமானாலும் முறை முறைதான் என்றார்கள். தோலிமான் சரம் கட்டினான். அழகான, நீளமான சரம். இயாதிருவா அதை வாங்கி வீட்டு நடுக்கம்பத்தில் மாட்டி வைத்தாள். போகிற வருகிறவர்களிடம், "எங்க அண்ணன் அவர் பேரைச் சொன்னதுக்குக் கட்டினது," என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்.

தோலிமான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

*

படகு கரை தட்டியது. கரையோரத்தில் வெந்நீர் ஊற்று கடலைத் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆக்கி வைத்திருந்தது. அதைத் தாண்டினால் கறுப்பு மணல் வெளி. காட்டுக்கோழி வந்து சூடான மணலில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். அடைகாக்கிற வேலையை மலை பார்த்துக்கொள்ளும். முட்டை தோண்டுகிறவர்கள் ஆளுக்கொரு குழியில் தலைகீழாக இறங்கியிருந்தார்கள். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

"வணக்கம், வணக்கம்," என்று கவுன்சிலர் அந்தக் கால்களைப் பார்த்துச் சொன்னார். அவர் தோல் செருப்பு அல்ல, கறுப்பு ஷூ போட்டிருந்தார். டை கட்டியிருந்தார். சட்டைப்பையில் நாலாக மடித்த பேச்சு.

"ஓட்டுப் போடற கை உள்ள இருக்கு கவுன்சிலரே," என்றாள் இயாதிருவா. "காலுக்கு வணக்கம் வச்சுப் பிரயோசனமில்ல."

ஒரு வருஷமாகக் கறுப்புத் துணிதான் உடுத்துகிறாள். இன்றோடு அது முடிகிறது. நாளை முதல் பூப்போட்ட சட்டை போடலாம். தோளில் பனையோலைக் கூடை. உள்ளே என்ன என்று தோலிமான் கேட்கவில்லை.

ஏறத் தொடங்கினார்கள். பலகையை நாலு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். இந்த மலைக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. போன மழை எங்கே வழிந்ததோ அதுதான் பாதை. முழுக்கச் சாம்பலும் பொரிக்கல்லும். மூன்று எட்டு வைத்தால் இரண்டு எட்டு கீழே கொண்டுபோய் விடும். கவுன்சிலருக்கு நான்கு. அவர் முதுகில் கை வைத்துத் தள்ள ஒருவனும், கையைப் பிடித்து இழுக்க ஒருவனும் ஏற்பாடாகியிருந்தார்கள். அப்படியே பலகை தூக்குகிறவர்களுக்குப் பின்னால், இன்னொரு பலகை மாதிரி அவரும் போய்க்கொண்டிருந்தார்.

"இந்த மலை," என்றார், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம... நம்ம முன்னேற்றத்தோட... சின்னம்."

"ஆமாங்க," என்றான் தள்ளுகிறவன். "கொஞ்சம் முன்னேறுங்க."

இயாதிருவா நிற்காமல் ஏறினாள். அவளுக்கு ஏறத் தெரிந்திருந்தது: குதிகாலைப் பதிக்காமல், விரலால் குத்தி, சறுக்குவதற்கு முன்னால் அடுத்த காலை எடுத்து. தோலிமான் அவள் பின்னால். வெயில் ஏறியதும் சாம்பல் கீழிருந்தும் சுட்டது, மேலிருந்தும் சுட்டது.

"அண்ணே."

"ம்."

"இந்த வழியாத்தான் தூக்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல. அந்தப் பக்கம். அங்க சரிவு கம்மி."

இன்னும் நாலு எட்டு ஏறினாள்.

"அவருக்குக் கால் அரிக்கும், தெரியும்ல. சாம்பல் பட்டா ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே கெடப்பார். தேங்காயெண்ணெய் தேய்க்கணும். அன்னிக்கு எண்ணெய் எடுத்து வச்சுட்டுத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

தோலிமான் சறுக்கிய காலை மறுபடி ஊன்றினான்.

"என்னப் பாக்க வர்ற பொம்பளைங்கல்லாம் என்னென்னவோ சொல்லுவாங்க," என்றாள். "கடவுள் கூட்டிக்கிட்டார்னு. கவுன்சிலர் தியாகிங்கறார். எனக்கு அதெல்லாம் ஒட்டல அண்ணே. ஒண்ணே ஒண்ணுதான். கடைசியா அவர் பேர் அவர் காதுல விழுந்துச்சு. நீ கூப்பிட்ட. ஆள் தெரியாட்டியும் குரல் கேட்டிருக்கும். நம்மளத் தேடறாங்கன்னு தெரிஞ்சுதான் போயிருக்கார். தனியாப் போகல."

சொல்லிவிட்டு வேகமாக ஏறிப் போனாள். தோலிமான் நின்றுவிட்டான். அவன் காலடியில் சாம்பல் சரசரவென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

*

அன்றைக்கு நடந்தது இதுதான்.

உச்சியில் பலகையை நட்டுக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆணி போதவில்லை என்று பெனியோனா பாதி மலைக்குக் கீழே விட்டு வந்த மூட்டையை எடுக்க இறங்கினான். அப்போது காற்று திரும்பியது. அதுவரை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆவி, கயிறு அறுத்த மாடு மாதிரி அவர்கள் மேலேயே வந்து விழுந்தது. நீட்டிய கை தெரியவில்லை. கந்தகம் கண்ணையும் தொண்டையையும் பிடித்தது. உச்சிப் பள்ளத்துக்குள்ளிருந்து மலை உஸ் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

மூத்தவன் தோலிமான். தன் குலத்து ஆட்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூன்று பேரும் பதில் சொல்லி, தடவிக்கொண்டு வந்து அவன் தோளைப் பிடித்தார்கள். மிச்சம் ஒருவன். கல் பொறுக்கப் போன தங்கை புருஷன்.

பெயர் அவன் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அது மட்டும் நிச்சயம். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாத பெயர். வாய் அதைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டது. "மச்சான்!" என்று கத்தினான்.

"ஓய்! வர்றேன் மச்சான்!" என்று பதில் வந்தது. அந்த வெள்ளை இருட்டில் எந்தப் பக்கமிருந்து என்று யாருக்குத் தெரியும்.

அப்பாடா என்றிருந்தது தோலிமானுக்கு. ஆள் கிடைத்துவிட்டான் என்பதற்காக மட்டும் இல்லை. நல்லவேளை, பெயரைச் சொல்ல வேண்டியதில்லாமல் போய்விட்டது. இந்த ஒரு வருஷத்தில் அவன் உறங்கிய நேரம் குறைவு. அதற்குக் காரணம் சாவு இல்லை, அந்த அப்பாடா.

மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு சறுக்கி இறங்கினான். ஆவிக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, பின்னால் ஆணி மூட்டையோடு இருமிக்கொண்டு வந்தவன் பெனியோனா. மேலே ஏறிக்கொண்டிருந்தவன், மச்சான் என்று குரல் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

மூன்று தடவை திரும்பி ஏறினார்கள். மூன்று தடவையும் மலை, கூப்பிடக் குரல் எழாமல் இரும வைத்துத் துரத்தியது. மறுநாள் காலையில் காற்று மாறிய பிறகு போனால், பலகையிலிருந்து நாற்பது எட்டு தூரத்தில், ஒரு கல்லில் சாய்ந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விழுந்து கிடக்கவில்லை. உட்கார்ந்திருந்தான்.

கரையில் இறக்கியதும் இயாதிருவா அழவில்லை. அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்டியா?" என்று கேட்டாள். "கூப்பிட்டேன்," என்றான். அது உண்மை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டியா அண்ணே?" என்றாள்.

தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் செய்தது, ஒரு தலையாட்டல். தோளைப் பிடித்து நின்ற மூன்று பேரும் குலத்து மானத்துக்காக வாயைக் கட்டிக்கொண்டார்கள், மிச்சம் எல்லாவற்றையும் கவுன்சிலர் பார்த்துக்கொண்டார்.

*

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பெனியோனா ஒரு பாறையில் உட்கார்ந்து பாக்கை மென்றுகொண்டிருந்தான். வாயெல்லாம் சிவப்பு. தோலிமான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இயாதிருவா மேலே போய்விட்டிருந்தாள்.

"சொல்லிடலாம்னு பாக்கறேன்," என்றான் தோலிமான்.

பெனியோனா மெல்லுவதை நிறுத்தினான். எதை என்று கேட்கவில்லை. ஒரு வருஷமாக இருவரும் பேசாமல் சுமந்த ஒரே விஷயம் அதுதானே.

"யாருக்கு லாபம்?" என்றான்.

"லாபத்துக்கா சொல்றாங்க?"

"மச்சான், கேளு. நீ கூப்பிட்டது ஒரு தப்புன்னா, நான் ஓய்னது ஒரு தப்பு. நான் வாயப் பொத்திட்டு இருந்திருந்தா நீ மறுபடி கூப்பிட்டிருப்ப. பேரைச் சொல்லியே கூப்பிட்டிருப்ப. எம் பொண்டாட்டிகிட்டகூட நான் இதச் சொல்லல. சந்தையில எவனாவது 'மச்சான்'னா எனக்கு முதுகு சில்லுங்குது. ஆனா வாய் பாரு, அது பாட்டுக்கு 'ஓய்'ங்குது. பழக்கம்." செக்கச்செவேலென்று சாம்பலில் துப்பினான். "உன் தங்கச்சிகிட்ட மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டு நீ நிம்மதியாத் தூங்கணுமாக்கும்."

தோலிமான் எழுந்தான். மேலேயிருந்து கவுன்சிலர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

*

போன வருஷத்துப் பலகை அங்கேதான் இருந்தது, அதாவது அதன் கால்கள் இருந்தன. ஆணியெல்லாம் சிவப்புப் பொடி. 'நல்வரவு' இருந்த தகரத்தை ஆவி தின்று, வலை மாதிரி ஓட்டை போட்டிருந்தது. கவுன்சிலர் பெயர் போன இடம் தெரியவில்லை. மலைக்கு மரியாதை தெரியாது. கவுன்சிலர் அதைப் பார்க்காத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, புதுப் பலகையை நடச் சொன்னார். அதிலும் அவர் பெயர்தான் மேலே. செத்தவன் பெயர் கீழே, பூ வரைந்த இடம் போக மிச்சத்தில். தோலிமான் அந்த எழுத்துகளைக் கண்ணால் படித்தான். உதடு அசையாமல் பார்த்துக்கொண்டான்.

பேச்சு கால் மணி நேரம் நடந்தது. இடையில் காகிதத்தின் ஒரு மடிப்பு காற்றில் பறந்து பள்ளத்துக்குள் போய்விட்டதால் அவ்வளவோடு முடிந்தது.

"...நம் தியாகி ஒருபக்கம்! மறுபக்கம் இந்த வீரன்! முன்னோர் வகுத்த முறையா, மச்சான் உயிரா என்று வந்தபோது, தன் மானத்தையே தூக்கி எறிந்து, அந்தத் திருப்பெயரை இந்தச் சிகரத்தில் முழங்கினானே, அந்தக் குரல் இன்னும் இங்கே ஒலிக்கவில்லையா?"

எல்லாரும் உற்றுக் கேட்டார்கள், மரியாதைக்கு. மலை உஸ்ஸென்றது.

தோலிமான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கவுன்சிலருக்கு ஷூ வழியாகச் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு, ஆமென் சொன்னார். கீழே தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட கல்லில் வேகவைத்த மீனும் கிழங்கும் காத்திருந்தன. கூட்டம் சரசரவென்று இறங்கியது. ஏற ஒரு மணி நேரம் பிடித்த சரிவு, இறங்கப் பத்து நிமிஷம்தான். பெனியோனா கடைசியாகப் போனான். போகும்போது தோலிமானை ஒரு பார்வை பார்த்தான்.

அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். ஆவி கடல் பக்கமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் பளிச்சென்று தெரிந்தது: விரிகுடா, தீவு, தகரக் கூரைகள், எதிர்க்கரையில் சாம்பல் மூடிய பழைய ஊரின் காலி இடம்.

"எந்தக் கல்லு?" என்றாள்.

காட்டினான். அவள் எட்டு வைத்துப் போனாள். நாற்பதுகூட இல்லை, முப்பத்தைந்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடையிலிருந்து ஒரு அவித்த காட்டுக்கோழி முட்டையை எடுத்துக் கல்மேல் வைத்தாள். பிறகு அந்தச் சிப்பிச் சரத்தை எடுத்தாள். நடுக்கம்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். "இதுல பாதி அவருக்கு. இங்க புதைச்சுட்டுப் போலாம்னு," என்றாள். பிறகு புருஷன் உட்கார்ந்திருந்த மாதிரியே, அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே. நீ எங்க நின்ன அன்னிக்கு?"

"இங்கதான். பலகைகிட்ட."

"அங்கயே நில்லு. அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரி ஒருதரம் கூப்பிடு. அவருக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு எனக்குக் கேக்கணும்."

"வேணாம் இயாதிருவா."

"வெக்கமா? யாருமில்ல. ஏற்கெனவே சரமும் கட்டியாச்சு. ஒரு தடவதான். நான் வேற எதுவும் உன்கிட்டக் கேட்டதில்ல."

கண்ணை மூடிக்கொண்டாள்.

தோலிமான் மூச்சை இழுத்தான். பெனியோனா சொன்னதுதான் சரி, பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு பெயர்தானே. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிட்டால், யார் கண்டார்கள், பொய் உண்மையாகிவிடும். அவள் கேட்டுக்கொள்வாள், முட்டையையும் பாதிச் சரத்தையும் வைத்துவிட்டு இறங்குவாள், நாளைக்குப் பூப்போட்ட சட்டை போடுவாள். பெயர் அன்றைக்கு மாதிரியே நுனி நாக்கு வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தான். பலம்கொண்ட மட்டும் கத்தினான்.

"மச்சான்!"

குரல் பள்ளத்துக்குள் போய்ச் சுற்றியது. அது அடங்குவதற்குள், கீழே, சரிவின் மறைவிலிருந்து, யோசிக்கவே நேரமில்லாத ஒரு குரல் வந்தது.

"ஓய்! வர்றேன் மச்சான்!"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெனியோனா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருப்பான் கீழே.

இயாதிருவா கண்ணைத் திறக்கவில்லை. நெடுநேரம் அப்படியே சாய்ந்திருந்தாள். தோலிமான் நின்ற இடத்தில் நின்றான். கால் சுட்டது. நகரவில்லை.

"இப்படித்தானா?" என்றாள் கடைசியில்.

"இப்படித்தான்."

"பேரு?"

"வரல. வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவன் ஓய்ன்னுட்டான். நான் உன் வீட்டுக்காரர்னு நெனச்சேன்."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"நல்லாக் கேக்குது அண்ணே இங்க," என்றாள். "நீ மச்சான்னது கேக்குது. அவன் ஓய்ன்னதும் கேக்குது. அவருக்கும் ரெண்டும் கேட்டிருக்கும். சகலையைக் கூப்பிடறாங்க, அவன் போறான், அடுத்து நம்மளக் கூப்பிடுவாங்கன்னு..." நிறுத்தினாள். "அவர் அப்படித்தான். பந்தியிலகூடக் கூப்பிடாமப் போய் உக்கார மாட்டார். இங்க உக்காந்து காத்துக்கிட்டிருந்திருக்கார்."

எழுந்தாள். துணியில் ஒட்டிய சாம்பலைத் தட்டினாள். முப்பத்தைந்து எட்டு நடந்து வந்து, சரத்தை அவன் கையில் வைத்தாள். கோபமாக இல்லை, கடையில் தவறி வந்துவிட்ட சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

"செய்யாத தப்புக்குக் கட்டினது. வச்சுக்க."

இறங்கத் தொடங்கினாள். இடுப்பு மறைந்து, தோள் மறைந்து, தலை மறைந்தது.

அப்போதுதான் வந்தது. அவன் அதைக் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. இருபத்துமூன்று வருஷமாக அடைத்துக் கிடந்தது, தொண்டையைக் கீறிக்கொண்டு.

"தோராராங்!"

பள்ளம் அதை வாங்கி, சுற்றி, 'ராங்' என்று திருப்பிக் கொடுத்தது. மறுபடி கூப்பிட்டான். மறுபடியும். யாரும் ஓய் என்று சொல்லவில்லை.

*

கீழே கவுன்சிலர் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முட்டை தோண்டுகிறவர்கள் குழியை விட்டு வெளியே வந்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெயர் கரை வரைக்கும் கேட்டிருக்கிறது.

தோலிமான் நேராகத் தங்கையிடம் போனான். எல்லார் முன்னிலையிலும் அந்தச் சரத்தை அவள் முன்னால் மணலில் வைத்தான்.

"என்னப்பா இது," என்றார் கவுன்சிலர், வாயில் மீனோடு. "போன வருஷமே கட்டியாச்சே. ஒரே பேருக்கு ரெண்டு தடவையா?"

ஊரே இயாதிருவாவின் வாயைப் பார்த்தது. பெனியோனா மணலைப் பார்த்தான். அவள் சரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு எடுத்தாள். கூடையில் போட்டாள்.

"அது வேற," என்றாள்.

படகை நோக்கி நடந்தாள். படகில் அண்ணனுக்கு முதுகைக் காட்டி, முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கவுன்சிலர் படகிலிருந்து எத்தனை முறை கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் மலைமேல் பலகை தெரியவில்லை; இன்னும் பெரிதாக ஒன்று வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தோலிமான் மோட்டாரைக் கிளப்பினான். பெனியோனா நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், கயித்த விடு."

பெனியோனா திடுக்கிட்டுத் திரும்பினான். ஓய் என்று சொல்லவில்லை. படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"யாரு," என்றான், "என்னையா?"

படகில் வேறு மச்சான் யாரும் இல்லை.